நாற்றங்காலுக்குப் போய் வந்தோம்

"பினாங்குக்குப் போய் வந்தேன்" என்று சொன்னால் உடனே என்ன கேட்பீர்கள்? "கொடிமலை ரயிலில் ஏறினீர்களா? தண்ணீர்மலையான் கோயிலுக்குப் போனீர்களா? கடற்கரையில் பசெம்பூர் சாப்பிட்டீர்களா?" என்றுதானே? இந்த முறை நான் அதற்கெல்லாம் போகவில்லை. கத்தோலிக்கச் சாமியார்கள் உருவாகும் வீட்டைப் பார்க்கப் போனேன். குருமடம் என்று அதற்குப் பெயர்.

"வேதக்கோயில் சமாசாரம் நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் வேதக்காரன் அல்லன். எங்கள் வீட்டுத் தெய்வம் மாரியம்மன். ஆனால் நம் லயங்களில் ஒரு வீட்டில் அம்மன் படமும் அடுத்த வீட்டில் மாதா படமும் மாட்டியிருந்ததை நீங்கள் அறிவீர்கள். தீபாவளிப் பலகாரம் அங்கே போகும். கிறிஸ்துமஸ் பலகாரம் இங்கே வரும். அந்த அடுத்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை சாமியாராகப் போனால், அது அந்த வீட்டுக் கதையோடு நிற்காது. லயத்துக்கே அது கதைதான்.

அப்படி ஒரு கதையில் நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன். அதைச் சரி செய்யத்தான் இந்தப் பயணம்.

உடன் வந்த அண்ணன்

பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் நாங்கள் வளர்ந்தோம். வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். பக்கத்து வீட்டில் ஐந்து பிள்ளைகள். தாயும் தகப்பனும் பால் வெட்டினார்கள். மூத்தவரை நான் அண்ணன் என்றுதான் அழைப்பேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஐந்தாம் படிவம் முடித்து, 1981-ஆம் ஆண்டில், "அம்மா, நான் குருமடத்துக்குப் போறேன்" என்றார் அண்ணன். அவர் தாயார் அன்று பதில் சொல்லவில்லை. மறுநாள் பெரட்டுக்குப் போகும் வழியில் என் தாயாரிடம், "இவன் சம்பளத்த நம்பித்தான் சின்னவளுக்குக் கல்யாணக் கணக்கு போட்டு வச்சிருந்தேன் அக்கா" என்று சொன்னாராம். ஆனாலும் அனுப்பி வைத்தார்கள். பையனுக்கு இரண்டு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தது என் தாயார்தான்.

மூன்று ஆண்டு கழித்து அண்ணன் திரும்பி வந்துவிட்டார். யார் கண்ணிலும் படக்கூடாது என்று கடைசி பஸ்ஸில் வந்தார். அவருடைய தகப்பனார், "வந்துட்டியா அய்யா? மொதல்ல சாப்பிடு" என்றார். அவ்வளவுதான். ஆனால் லயம் சும்மா இருக்குமா? பைப்படியில் ஒரு பேச்சு, கடையடியில் ஒரு பேச்சு. "என்ன தப்பு செய்தானோ, விரட்டிவிட்டார்கள்" என்றது ஒரு வாய். எங்களைப் போன்ற இளவட்டங்கள் அவருக்கு "அரைச் சாமியார்" என்று பட்டம் கட்டினோம். அந்தப் பட்டத்தை முதலில் சொன்னவன் நான்.

நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அண்ணன் ஆஸ்பத்திரி ஊழியராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, "அண்ணே, நீங்க படிச்ச எடத்த எனக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில வெள்ளனே கிளம்பணும், தம்பி" என்றார்.

சுங்கைப் பட்டாணி வழியாக

பீடோங்கிலிருந்து தெற்கே வந்தோம். நாம் நிரை பிடித்து வெட்டிய ரப்பர் காடுகள் பல இன்று செம்பனையாகிவிட்டன. சில வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. லயத்துச் சனங்கள் பலர் சுங்கைப் பட்டாணித் தாமான்களில் குடியேறிவிட்டார்கள்.

சுங்கைப் பட்டாணியில் கிறிஸ்து அரசர் கோயிலைக் காட்டி, "இந்த ஊர்லதான் நம்ம நாட்டு முதல் கர்தினால் பொறந்தார், தெரியுமா?" என்றார் அண்ணன். எனக்குத் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் சுங்கைப் பட்டாணியில் பிறந்தவர். பினாங்குக் குருமடத்தில் படித்து, 1966-ல் குருப்பட்டம் பெற்றார். 1978-ல் பினாங்கு ஆயரானார். கெடாவும் பெர்லிசும் அந்த மறைமாவட்டத்துக்குள் அடக்கம். 1983-ல் கோலாலம்பூர்ப் பேராயராகி, 2003 வரை பணியில் இருந்தார். 2016 நவம்பரில், 84 வயதில், போப் பிரான்சிஸ் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். மலேசியாவில் அந்தப் பதவியை அடைந்த முதல் மனிதர் அவர். 2020 அக்டோபர் 28-ல் காலமானார்.

நம் கெடா ஊர் ஒன்றிலிருந்து போன பிள்ளை அவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று நான் வியந்தேன். அண்ணன் சிரித்தார். "அவரும் கக்கூஸ் கழுவித்தான் இருப்பார், தம்பி. அங்க எல்லாருக்கும் முறை வரும்" என்றார்.

மூடா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கெடா முடிந்து செபராங் பிறை வந்துவிடும். கெப்பாலா பத்தாஸ் கடந்து பட்டர்வொர்த் படகுத்துறையில் இறங்கினோம். 1985-ல் பாலம் திறக்கும்வரை தீவுக்குப் போக இந்தத் துறைதான் கதி. கார்களையும் ஏற்றிச் சென்ற அந்தப் பெரிய படகுகளை இப்போது காணோம். ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறும் புதுப் படகில் போய் உட்கார்ந்தோம்.

வீராம்பட்டினத்துக்கும் வந்த குருமடம்

படகில்தான் அண்ணன் அந்தக் குருமடத்தின் பூர்வீகத்தைச் சொன்னார். "காலேஜ் ஜெனரல்" என்பது அதன் பெயர். பாரிஸ் நகரத்து வேதபோதகச் சபைக் குருமார் 1665-ஆம் ஆண்டு சயாம் நாட்டின் பழைய தலைநகரான அயுத்தியாவில் அதைத் தொடங்கினார்கள். ஆசிய நாட்டுப் பிள்ளைகளையே குருக்களாக்கி, அந்தந்த நாட்டுச் சனங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது நோக்கம். 1760-களில் பர்மியப் படை அயுத்தியாவைச் சூறையாட வந்தபோது, ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடித் தப்பி, இன்றைய தென் வியட்நாம் பக்கம் ஒதுங்கினார்கள். அங்கும் கலகம். 1770 வாக்கில் எங்கே போனார்கள் தெரியுமா? நம் புதுச்சேரிப் பக்கத்து வீராம்பட்டினத்துக்கு! ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடுகிறதே, அதே வீராம்பட்டினம்தான். சில ஆண்டுகளில் அங்கும் அடைத்துவிட்டு, கடைசியில் 1808-ல் பினாங்கில் மறுபடி திறந்தார்கள்.

நாடு விட்டு நாடு பிழைக்க வந்து, ஒவ்வொரு தோட்டமாக மாறிய குடும்பங்கள் நாம். அந்தப் பள்ளிக்கூடமும் மூட்டை முடிச்சோடு நம்மைப் போலவே அலைந்திருக்கிறது!

அங்கே பாடம் சொல்லிக் கொடுத்த பிரெஞ்சுக் குருக்களில் இருவர், லோரான் ஆம்பேரும் ஜாக் சாஸ்தானும், பிறகு கொரியாவுக்குப் போய் 1839-ல் தங்கள் விசுவாசத்துக்காகத் தலை வெட்டுண்டு இறந்தார்கள். 1984-ல் அவர்களுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அங்கே படித்த வியட்நாம் மாணவர்களிலும் அப்படி உயிர் கொடுத்தவர்கள் உண்டு.

லத்தீன் பேசிய பூலாவ் தீக்குஸ்

பஸ் பூலாவ் தீக்குஸ் வழியாகப் போனது. 1984 வரை குருமடம் இங்கேதான், கடலோரமாக இருந்தது. அண்ணன் படித்ததும் இங்கேதான். இன்று அந்தப் பக்கமெல்லாம் பெரிய அங்காடிகளும் உயர்ந்த விடுதிகளும். "இந்தக் காத்து மட்டும் மாறல" என்றார், சன்னல் வழியாக.

பழைய காலத்தில் இங்கே சீனர், சயாமியர், வியட்நாமியர், பர்மியர் என்று பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். ஒருவர் பாஷை இன்னொருவருக்குத் தெரியாது. என்ன செய்வது? எல்லாரும் லத்தீன் கற்றார்கள். பாடமும் லத்தீன், பூசையும் லத்தீன்; பந்தடிக்கும்போது கூப்பிடுவதற்கும் லத்தீன்! 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பூசை அவரவர் தாய்மொழிக்கு வந்தது. குருமடத்திலும் ஆங்கிலம் புகுந்தது.

"ஆங்கிலந்தான் எனக்கு முதல் சுவர்" என்றார் அண்ணன். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாய்மொழியில் இடைநிலைப்பள்ளி முடித்த பிள்ளை, கிரேக்கத் தத்துவத்தை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் போராடினாராம். உடன் படித்த சீனப் பையன் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தான். இவர் அவனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். நம் நாட்டில் ஒரு கோயிலுக்குச் சாமியாராகப் போகிறவர், தமிழர் நோயில் படுத்தாலும் சீனர் நோயில் படுத்தாலும் போய்ப் பேச வேண்டுமே!

மணி சொல்லும் வாழ்க்கை

தஞ்சோங் பூங்காவில் இறங்கி, மரியோஃபீல் என்ற குன்றில் ஏறினோம். 1984-ல் குருமடம் இந்தக் குன்றுக்கு மாறியது. மேலே நின்றால் கடல் தெரிகிறது. மரங்கள், நல்ல அமைதி. அனுமதி கேட்டுச் சிற்றாலயத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். பிறகு வெளியே ஒரு நிழலில் அமர்ந்து, அண்ணன் தன் பழைய நாளொன்றை எனக்கு விவரித்தார். ஆண்டுக்கு ஆண்டு நேரம் சற்று மாறலாம். ஆனால் குருமடங்களில் வாழ்க்கை முறை பெரும்பாலும் இதுதான்.

விடியுமுன் மணி அடிக்கும். எழுந்து, குளித்து, கோயிலுக்குள் போக வேண்டும். பேச்சு கிடையாது. முந்தின இரவுச் செபத்தோடு தொடங்கும் மௌனம் அதுவரை தொடரும். காலைச் செபத்தில் பழைய ஏற்பாட்டுச் சங்கீதங்களை இரண்டு அணியாகப் பிரிந்து, மாறி மாறிச் சொல்வார்கள். பிறகு தனித் தியானம். அதன் பின் திருப்பலி. பசியாறியபின் வகுப்பு: தத்துவம், வேதாகமம், திருச்சபை வரலாறு, ஒழுக்க இயல். நடுப்பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சிறிது ஓய்வு. அப்புறம் கைவேலை. கூட்டுவது, கழுவுவது, புல் வெட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. சாயங்காலம் பந்தாட்டம். மாலைச் செபம், ஜெபமாலை, இரவுச் சாப்பாடு, படிப்பு. படுக்குமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து, "இன்று எங்கே தவறினேன்? யாருக்கு நன்றி சொல்ல மறந்தேன்?" என்று மனசாட்சியைச் சோதித்துக்கொள்வது. மறுபடி மௌனம்.

இதைக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நம் தோட்டத்து மணி! நாமும் இருட்டில் எழுந்தவர்கள்தானே? காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். "விடியக்காலையில மனசும் அப்படித்தான் தம்பி. வெயில் ஏறுறதுக்குள்ள வெட்டிடணும்" என்றார் அண்ணன். பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "தோட்டத்து மணிக்கு எழுந்திருக்கலன்னா அன்னிக்கிப் பேரு போயிடும். அங்க நான் எழுந்திருக்கலன்னா யாரும் சம்பளத்துல பிடிக்க மாட்டாங்க. அதுதான் கஷ்டம். யாரும் பார்க்காதப்பவும் எழுந்திருக்கணும்."

வார இறுதியில் மாணவர்களை ஊர்க் கோயில்களுக்கு அனுப்புவார்கள். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது, நோயாளியைப் பார்ப்பது, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது. புத்தகத்தில் படித்ததை விட அங்கேதான் அதிகம் கற்றதாக அண்ணன் சொன்னார்.

பால் வெட்டக் காத்திருக்கும் மரம்

குருமடத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் லத்தீனிலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா? நாற்றங்கால்! 1563-ல் த்ரெந்து என்ற ஊரில் கூடிய திருச்சபைச் சங்கம், ஒவ்வொரு மறைமாவட்டமும் குருமாணவருக்கு ஒரு நாற்றங்கால் வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அதிலிருந்து வந்ததுதான் இந்த ஏற்பாடு.

நாற்றங்காலைப் பற்றி நமக்கா சொல்லித் தர வேண்டும்? ரப்பர்க் கன்றை நட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டு காத்திருக்கிறோம். மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்தால்தான் கத்தி வைப்போம். அவசரப்பட்டு வெட்டினால் மரம் கெடும். குருவாவதற்கும் தத்துவமும் இறையியலுமாகக் குறைந்தது ஆறு ஆண்டுப் படிப்பு உண்டு. தொடக்கப் பயிற்சியும் ஊர்க்கோயில் பயிற்சியும் சேர்ந்தால் எட்டு, ஒன்பது ஆண்டுகூட ஆகும். திருத்தொண்டர் பட்டத்துக்கு வயது 23, குருப்பட்டத்துக்கு 25 நிறைந்திருக்க வேண்டும்.

இத்தனை ஆண்டு எதற்கு? படிப்புக்காக மட்டும் அல்ல. 1992-ல் போப் இரண்டாம் ஜான் பால் குருமாணவர் பயிற்சி பற்றி விரிவாக ஒரு மடல் எழுதினார். மனிதப் பண்பு, ஆன்மிகம், அறிவு, மக்கள் பணி என்று நான்கு பக்கமும் பிள்ளை வளர வேண்டும் என்றார். முதலில் மனிதன், பிறகுதான் சாமியார்.

ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆன்ம குரு உண்டு. மனத்தில் உள்ளதையெல்லாம் அவரிடம் கொட்டலாம்: பயம், வீட்டு ஞாபகம், ஒரு பெண்ணின் நினைவு, விசுவாசத்தில் வரும் சந்தேகம் என்று எதையும். இதில் ஒரு நல்ல விதி இருக்கிறது. மாணவனைப் பட்டத்துக்குச் சேர்ப்பதா, அனுப்பிவிடுவதா என்று தீர்மானிக்கும்போது, அந்த ஆன்ம குருவின் அபிப்பிராயத்தைக் கேட்கவே கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம். பிள்ளை பயமில்லாமல் உண்மை பேச வேண்டும் என்பதற்காக!

இன்னொரு விதியும் சொன்னார் அண்ணன். அதைக் கேட்டுத்தான் நான் தலை குனிந்தேன். யாரையும், எந்தக் காரணத்துக்காகவும், குருப்பட்டத்துக்குக் கட்டாயப்படுத்துவது அடியோடு தடை செய்யப்பட்டிருக்கிறது. பட்டம் பெறுகிறவர், "நான் முழு மனதோடு, சுதந்திரமாக வருகிறேன்" என்று தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"என்னால அத எழுத முடியாதுன்னு மூணாவது வருஷம் தெரிஞ்சுபோச்சு" என்றார். "கும்பிட ஆசை இருந்திச்சு. சேவை செய்ய ஆசை இருந்திச்சு. ஆனா ஒரு குடும்பம், ஒரு வீடு வேணும்னும் மனசு கேட்டுச்சு. ஆன்ம குருகிட்ட சொன்னேன். அவர் கோபிக்கல. 'நீ பொய் சொல்லி இங்கே இருப்பதை விட, உண்மை சொல்லி வீட்டுக்குப் போவது கடவுளுக்குப் பிடிக்கும்'னார். யாரும் என்னை வெரட்டல, தம்பி. கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினாங்க."

அரை இல்லை, முழுசு

சாயங்காலம் படகில் திரும்பும்போது, நாற்பது ஆண்டாகத் தொண்டையில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். "அண்ணே, 'அரைச் சாமியார்'னு மொதல்ல சொன்னது நான்தான். மன்னிச்சிடுங்க."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "எனக்கு வலிக்கல, தம்பி. எங்கம்மாவுக்குத்தான் வலிச்சுது. பைப்படிக்குத் தண்ணி பிடிக்கப் போறதையே நிறுத்திட்டாங்க. ராத்திரியிலதான் போவாங்க."

அந்தத் தாயாரிடம் இனி நான் மன்னிப்புக் கேட்க முடியாது. அவர் போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

பிறகு அண்ணனே பேச்சை மாற்றினார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்த காலத்தில், துணைக்கு ஆளில்லாமல் உயிர் போகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாராம். இந்துவோ, முஸ்லிமோ, சீனரோ, யாராயிருந்தாலும். பேசாமல் உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும். அதை அந்த விடியற்கால மௌனத்தில்தான் கற்றாராம். மூன்று ஆண்டில் நாற்றங்காலில் ஏறிய சத்து வீண்போகுமா, வாசகர்களே? கன்று வேறு காட்டில் நடப்பட்டது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பிள்ளை இப்படி ஒரு வழிக்குப் போகிறேன் என்று சொல்லலாம். சாமியாராக, கன்னியாஸ்திரியாக, அல்லது நம் கோயில் மடம் ஒன்றில் சேவைக்காக, எதுவானாலும் சரி. போகாதே என்று காலைக் கட்டாதீர்கள். குடும்பப் பெருமைக்காகப் போ என்று பிடித்துத் தள்ளவும் வேண்டாம். போய்ச் சோதித்துப் பார்க்கட்டும். பட்டம் பெற்று வந்தால் மாலை போடுங்கள். பாதியில் வந்தாலோ, அண்ணனின் தகப்பனார் கேட்டதைத் தவிர வேறெதுவும் கேட்காதீர்கள்.

"வந்துட்டியா அய்யா? மொதல்ல சாப்பிடு."